நான்தான் சார்

அண்ணனுக்கு வேலை கேட்கப் போன எல்லா இடத்திலும் அவள் ஒரே பொய்யைத்தான் சொன்னாள். வெளியூரில் இருந்தான், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான். எந்த ஊர், அங்கே என்ன வேலை என்று இரண்டாவது கேள்வி வந்ததுமே நாக்கு பிசகிவிடும். பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. பேக்கரியில் கேட்டாள், மரக்கடையில் கேட்டாள், புருஷன் மினிபஸ் ஓட்டுகிற கம்பெனியில் வண்டி கழுவவாவது போடச் சொன்னாள். எல்லா இடத்திலும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. கடைசியில் பொய் அலுத்துப்போய், தான் வேலை செய்கிற லாண்டரியின் முதலாளியம்மாவிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"எங்க அண்ணன் ஜெயில்ல இருந்தாரு மேடம். சரக்கு இறக்குற எடத்துல ஒரு சண்டை. ஒருத்தரை அடிச்சிட்டாரு. அந்த ஆளு செத்துப்போயிட்டாரு."

"எதால அடிச்சாரு?"

"கடப்பாரையால."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கெட்டவள் இல்லை. புருஷன் விட்டுப்போன தொழிலைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருக்கிறவள்.

"குடிப்பாரா?"

"இல்ல மேடம். அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"உள்ள ஏதாச்சும் தொழில் கத்துக்கிட்டாரா? தையல், தச்சு வேலைன்னு என்னென்னமோ சொல்லித் தராங்கன்னு பேப்பர்ல போடறாங்களே."

அது அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அண்ணனிடமே கேட்டாள். அவன் சமையலறை வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டே அறை உள்ள வீட்டில் அவனுக்கு ஒதுக்க முடிந்த இடம் அதுதான்.

"தையல் மிஷின் வந்துச்சு" என்றான். "பத்து மிஷின் இருக்கும். பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினாரு. என்னையும் ஒரு மிஷின் முன்னால உக்கார வெச்சு போட்டோ எடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ரூமைப் பூட்டிட்டாங்க. சொல்லித்தர ஆள் வரணும்னாங்க. வரல."

"அத்தனை வருஷமுமா வரல?"

"எனக்குத் தாழ்வாரம் கூட்டற வேலை. அந்த ரூம் வாசலையும் சேத்துதான் கூட்டுவேன். பூட்டு துருப்பிடிக்கிற வரைக்கும் பாத்தேன்."

"மத்த நேரம் எல்லாம் என்னதான் பண்ணுவே?"

அவன் யோசித்தான். ஏதாவது சொல்லித் தங்கையைச் சந்தோஷப்படுத்த வேண்டுமே என்று தேடிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "உக்காந்திருப்போம்" என்றான்.

எப்படியோ முதலாளியம்மா மனம் இரங்கினாள். வண்டி தள்ளுகிற வேலை. அவன் எங்கிருந்து வந்தான் என்பது அவளுக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று பேச்சு.

அது ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் வெளுக்கிற லாண்டரி. தகரக் கூரை. வெளியே மழை பெய்தாலும் உள்ளே வேர்க்கும். விடிந்ததும் ஆஸ்பத்திரி வண்டி வந்து மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும். ஆபரேஷன் தியேட்டரில் போர்த்துகிற பச்சைத் துணி அவள் பங்கு. அதனால் அங்கே எல்லாருக்கும் அவள் பச்சைத்துணி அக்கா. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியாக மேஜைமேல் பிடித்து இரண்டு உதறு உதற வேண்டும். பஞ்சு விழும், பிளாஸ்டர் விழும், சில நாள் கிளிப் விழும், எப்போதாவது ஒரு கத்தரிக்கோலே விழும். டாக்டர்மார் அவசரத்தில் துணியோடு சுருட்டி எறிவது. விழுவதைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, உதறிய துணியைத் தள்ளுவண்டியில் போட்டால், அண்ணன் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய மிஷினுக்குள் திணிப்பான். மிஷின் ஓர் அறை அளவுக்கு இருக்கும். அதற்குள் ஏதாவது இரும்பு போய்விட்டால் கதவு ரப்பரைக் கிழித்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் வேலை செய்த விதத்தில் யாருக்கும் குறை இல்லை. சொன்னால் செய்வான். சொல்லாவிட்டால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தாகம் எடுத்தாலும் யாராவது 'தண்ணி குடிச்சிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் கிட்டே வந்தால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பான். பெண்கள் அதைப் பார்த்து அவனுக்கு மரியாதைக்காரர் என்று பெயர் வைத்தார்கள்.

"பச்சைத்துணி அக்கா, உங்க அண்ணனைக் கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. எங்க வீட்டு ஆளு இவரைப் பாத்தாவது கத்துக்கட்டும்" என்று துணி தேய்க்கிற ரோலர் மிஷினில் நிற்கிறவள் கேலி செய்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அண்ணன் அப்படிச் செருப்பைக் கழற்ற எங்கே பழகினான் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்த வாயை உடனே மூடிக்கொள்வாள்.

வீட்டிலும் அதே கதைதான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து, படுத்த துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். "மாமா, பசிச்சா நீங்களே போட்டுச் சாப்பிடுங்க. ரொட்டி டப்பாவுல இருக்கு" என்று அவள் மகள் பள்ளிக்கூடம் போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். "சரிம்மா" என்பான். திரும்பி வந்து பார்த்தால் டப்பா திறக்காமல் இருக்கும். அவள் புருஷன் மினிபஸ்காரர் முதலில் கோபப்பட்டார், பிறகு வருத்தப்பட்டார், அதற்கப்புறம் தானே இரண்டு ரொட்டியைத் தட்டில் போட்டு, "மச்சான், இந்தாங்க, சாப்பிடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போகப் பழகிக்கொண்டார்.

கையில் ஒரு வேலை இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். அந்த வேலை நிலைத்தால் போதும். வேறு எதையும் அவள் அந்த வருஷம் கேட்கவில்லை.

அன்று காலையில் படியிறங்கும்போது வீட்டு ஓனர் வழிமறித்தார். கையில் பல்துலக்கும் பிரஷ்.

"உங்க வீட்டுல புதுசா ஒருத்தர் இருக்காரே, யாரு?"

"எங்க அண்ணன்தாங்க."

"தெரியும் தெரியும். எங்க இருந்து வந்திருக்காருன்னு கேட்டேன். மாடியில சின்னப் பசங்க இருக்கற வீடு, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

இவருக்கு யார் சொன்னார்கள், காலி செய்யச் சொல்வாரா, சொன்னால் பரீட்சை சமயத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? லாண்டரிக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் இதே யோசனை. மேஜைமுன் நின்ற பிறகும் அதே யோசனை. கை உதறிக்கொண்டிருந்தது, மனசு படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. ஓனருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக நாக்குக்கு வந்தன. வெளியே நல்ல மழை. ஆஸ்பத்திரி வண்டி தாமதமாக வந்ததால் மிஷின்காரர் 'போடுங்க, போடுங்க' என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசி மூட்டையை அவிழ்த்தவள் உதறவில்லை. அப்படியே அணைத்துத் தூக்கித் தள்ளுவண்டியில் கவிழ்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய மிஷினுக்குள் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். கதவு ரப்பர் கிழிந்து, சோப்பு நுரையோடு கொதிக்கிற தண்ணீர் தரையில் பாய்ந்தது. பெண்கள் அலறிக்கொண்டு மேஜைமேல் ஏறினார்கள். மிஷின்காரர் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே கைவிட்டுத் தேடினார். வளைந்துபோன ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். பச்சைத் துணியின் ஒரு கிழிசல் அதில் சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். வாட்டசாட்டமான ஆள். கத்தரியைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரு வேலை? உதறினவங்களா, வண்டி தள்ளினவங்களா? இந்த ரப்பர் வர ஒரு வாரம் ஆகும். ஆஸ்பத்திரிக்காரன் வேற லாண்டரிக்குப் போயிடுவான். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. சொல்ற வரைக்கும் யாருக்கும் சாப்பாடு கெடையாது, தண்ணி கெடையாது, ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. தெரிஞ்சுதா?"

அவள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். வேலை போய்விட்டால் என்ற ஓர் எண்ணம் குறுக்கே வந்தது. வாடகை, பிள்ளையின் படிப்பு, இரண்டு பேர் பிழைப்பும் ஒரே இடத்தில் அல்லவா இருக்கிறது. இன்னும் ஒரு மூச்சு, அடுத்த மூச்சில் சொல்லிவிடலாம் என்று நின்றாள்.

வரிசையின் அந்தக் கோடியில் அண்ணன் செருப்பைக் கழற்றினான். ஒரு அடி முன்னால் வந்தான். கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றான்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஒரே ஒரு கணம்தான், ஆனால் நிம்மதியேதான். அதற்காக அவள் தன்னை எத்தனையோ நாள் திட்டிக்கொண்டாள்.

முதலாளியம்மாவின் அறைக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு திறந்தே இருந்தது. பேசியதெல்லாம் வெளியே கேட்டது.

"கத்தரி எப்படி உள்ள போச்சு?"

"போட்டுட்டேன் மேடம்."

"போட்டியா? உன் கைக்கு அது எப்படி வந்துச்சு?"

அவன் மறுபடியும் தரையைப் பார்த்தான்.

"டப்பாவுல இருந்து எடுத்தியா? வீட்டுக்குக் கொண்டு போறதுக்குத் துணிக்குள்ள ஒளிச்சு வெச்சியா?"

"நான்தான் மேடம்."

"நீதான்னு சொல்லியாச்சு. எதுக்குன்னு கேக்கறேன்."

அவன் திகைத்துப்போய் நின்றான். நான்தான் என்று சொன்ன பிறகும் ஒருவர் கேள்வி கேட்பார் என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது போல.

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கா? ஏற்கெனவே ஒரு கொலை பண்ணிட்டு உள்ள இருந்து வந்தவன் மேடம். கத்தரியை ஒளிச்சு வெச்சா எதுக்குன்னு கேக்கணுமா? போலீசுக்குப் போன் போடுங்க." அதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. வெளியே ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. ரோலர்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

"காலையில பாத்துக்கலாம்" என்றாள் முதலாளியம்மா. "இப்ப அவரை வீட்டுக்கு அனுப்புங்க."

இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பியபோது மழை விட்டிருந்தது. சட்டையில் இன்னும் ஈரம். அவன் முகத்தில் கவலையின் சாயலே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மினிபஸ்காரர் அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்குண்ணா இப்படிப் பண்ணினே? எனக்காகவா?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் உதறாம போட்டதை நீ பாத்துட்டியா? என் வேலை போயிடும்னு நீ ஏத்துக்கிட்டியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீயா?" என்றான். "நீயா செஞ்சே? எனக்குத் தெரியாதே."

அவள் அழுகை பாதியில் நின்றது.

"அப்ப எதுக்கு நான்தான்னு சொன்னே?"

"யாராச்சும் சொல்லணும்ல?" சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினான். "ஜெயில்ல, எங்க வார்டுல ஏதாச்சும் ஒடஞ்சிரும், காணாம போயிரும். யாருன்னு கேட்டு எல்லாரையும் நிக்க வெப்பாங்க. சாப்பாடு கட், தண்ணி கட். வயசானவங்க இருப்பாங்க, ஒடம்பு முடியாதவங்க இருப்பாங்க. அதனால முறை வெச்சிருந்தோம். இந்தத் தடவை இவன், அடுத்த தடவை அவன். முறை வந்தவன் முன்னால போய் நான்தான் சார்னு சொல்லிருவான். மூணு நாளோ ஒரு வாரமோ தனி ரூம்ல போடுவாங்க. மத்தவங்களுக்குச் சாப்பாடு வந்திரும். அவ்வளவுதான்."

"நெசமா செஞ்சது யாருன்னு தேட மாட்டாங்களா?"

"எதுக்குத் தேடறாங்க? ஒரு ஆள் கெடச்சா போதும். எனக்கு மனு போட்டுப் பாக்க வீட்டுல இருந்து யாரும் அடிக்கடி வரமாட்டாங்கல்ல. மனு வர்றவன் தனி ரூம்ல இருந்தா வீட்டு ஆளுங்களைப் பாக்க முடியாம போயிரும். அதனால அவங்க முறையும் நானே எடுத்துக்குவேன்."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவளுக்குத்தான் குத்தியது. பஸ் மாறி மாறிப் போக வேண்டும், லீவு கிடைக்காது, பிள்ளை சின்னது. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவள் போகாத ஒவ்வொரு மாதத்திலும் அவன் யார் யாருக்காகவோ இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தங்கைக்காகப் பழியை ஏற்றான் என்று நினைத்தபோதுகூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. யாருக்காகவும் இல்லை, அத்தனை வருஷத்தில் அவனுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

மினிபஸ்காரர் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தபடியே பேசினார்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. அவரே ஏத்துக்கிட்டாரு. அப்படியே விட்டுடு. உன் வேலையும் போச்சுன்னா என் ஒருத்தன் சம்பளத்துல எதைப் பண்றது?"

"போலீஸ் வந்து இழுத்துட்டுப் போனா? மாசாமாசம் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடறவரு. ஒரு புகார் போதும், மறுபடி உள்ள போட்டுடுவாங்க."

மினிபஸ்காரர் துண்டை மறுபடி முகத்தில் அழுத்திக்கொண்டார். "அவருக்கு அங்க இருக்கத் தெரியுது" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது பொறுக்கவில்லை போலும். துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. "தப்பா சொல்லிட்டேன். விடு. நீ போய் உண்மையைச் சொல்லு. என்ன வருதோ பாத்துக்கலாம்."

காலையில் அவள் எழுந்து வந்தபோது அண்ணன் குளித்து, லாண்டரிச் சட்டையைப் போட்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கண்ணா கெளம்பிட்டே?"

"வேலைக்கு. நேத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்கல்ல. அதோட முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கூட்டிக்கொண்டே போனாள். லாண்டரி வாசலில் காவலாளி அவளை மட்டும் உள்ளே விட்டு, அவனை மறித்தார். "சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு" என்றார் சங்கடத்தோடு. அண்ணன் உடனே தலையாட்டிவிட்டு மதிலோரமாகப் போய் நின்றுகொண்டான்.

முதலாளியம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உதறாமல் கவிழ்த்ததையும், வரிசையில் வாய் திறக்காமல் நின்றதையும், வார்டில் முறை வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். முதலாளியம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். வார்டுக் கதை வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நீ சொல்றதை நம்பறேன்" என்றாள். "போலீஸ்னு யாரும் போக மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அவளுக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றி மேடம். அப்ப அவரை உள்ள கூப்பிடட்டுமா? வாசல்லதான் நிக்கறாரு."

"அவரை வெச்சுக்க முடியாதும்மா."

"அவர் தப்பே செய்யலையே மேடம்!"

"அதுக்குத்தான். செய்யாததை நான்தான்னு அத்தனை பேர் முன்னாடி கண் இமைக்காம சொன்ன ஆளு. நாளைக்கு இங்க ஒண்ணு நடந்தா, அவர் செஞ்சேன்னு சொன்னாலும் நான் நம்ப முடியாது, செய்யலன்னு சொன்னாலும் நம்ப முடியாது. அதோட இப்ப எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. அந்த ஆளு இருந்தா நாங்க வரமாட்டோம்னு காலையிலேயே நாலு பேர் வந்து சொல்லிட்டுப் போறாங்க. நான் யாரை விடறது?"

"அவங்களுக்கு நான் சொல்றேன் மேடம். ஒவ்வொருத்தர் கிட்டயா போய் உண்மையைச் சொல்றேன்."

"உண்மை என்ன? அவர் ஒருத்தரைக் கொல்லலைன்னு சொல்லுவியா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போய் வேலையைப் பாரு" என்றாள் முதலாளியம்மா, கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு. "உன்னை மாதிரி ஆள் எனக்குக் கெடைக்காது. இனிமே மட்டும் ஒழுங்கா உதறு."

நானும் போகிறேன், எனக்கும் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும் போல் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. முந்தின நாள் எங்கே நின்றதோ அங்கேயே அதுவும் நின்றது. மேஜைமேல் பச்சை மூட்டைகள் அவிழ்க்காமல் கிடந்தன. அவள் அவற்றைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

அண்ணன் அதே இடத்தில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லிட்டாங்களா?"

"நான் உண்மையைச் சொல்லிட்டேண்ணா. உன்மேல தப்பு இல்லன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. போலீஸ் வராது."

"சரி" என்றான். அதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. "எத்தனை நாளைக்கு?"

"என்ன?"

"எனக்கு எத்தனை நாள் போட்டிருக்காங்க? ஒரு வாரமா? அந்த ரப்பர் வர்ற வரைக்குமா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாள் எல்லாம் சொல்லலண்ணா. இனிமே வர வேண்டாம்னுட்டாங்க."

"போய் இன்னொரு தடவை கேட்டுட்டு வா. கேட்டா சொல்லுவாங்க."

"இல்லண்ணா. இங்க மட்டும் இல்ல, வேற எங்க கேட்டாலும் அப்படித்தான். இங்கெல்லாம் நாள் சொல்ல மாட்டாங்க."

அவன் லாண்டரியின் தகரக் கூரையையும் அதன்மேல் எழும்பிக்கொண்டிருந்த ஆவியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை.

"அங்க சொல்லிருவாங்க" என்றான்.